லப்டப் சாரின் விட்டுப்போன துடிப்பு

தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் வரைக்கும் எத்தனை லட்சம் இதயங்கள் துடிக்கின்றனவோ எனக்குத் தெரியாது. அத்தனையும் ஒன்று கூடி வேலைநிறுத்தம் செய்திருந்தால்கூட, லப்டப் சாரின் ஒரே ஒரு இதயம் எங்கள் ஆபீசுக்குக் கொடுத்த தொல்லையைக் கொடுத்திருக்க முடியாது. இதை நான் எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் சொல்வேன்.

கையில் செல்போன் வந்துவிட்டது, ஆனால் அதில் பாம்பு விளையாட்டைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது என்கிற காலம் அது. தாம்பரம் சானடோரியத்தில் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். வீடுகளுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார்களை விற்கிற கம்பெனி. மோட்டாரை விற்பது சுலபம். விற்ற மோட்டார் நின்றுபோகும்போது, தலைக்குச் சோப்புப் போட்டபடி குளியலறையிலிருந்து போன் செய்கிறவரிடம் பேசுவதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டத்துக்கென்றே நியமிக்கப்பட்டவர் லப்டப் சார். சர்வீஸ் செக்‌ஷனின் தலைவர். சம்பளக் கவரில் அவருக்கு வேறு ஏதோ பெயர் இருந்தது. அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். ஐம்பதைத் தொட்ட மனிதர். அடர்ந்த மீசை, சட்டைப் பையில் ஒரு டெஸ்டர். கையை நீட்டினார். குலுக்கத்தான் நீட்டுகிறார் என்று நானும் நீட்டினேன். அவர் என் விரல்களைப் பிடித்து, தன் மணிக்கட்டின் மேல் வைத்து அழுத்தினார்.

"எண்ணு" என்றார்.

"சார்?"

"எண்ணு தம்பி. வாய்விட்டு எண்ணு."

எண்ணினேன். எட்டு வரைக்கும் ஒழுங்காக வந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு பலத்த இடி.

"ஒன்பது எங்கே?"

"காணோம் சார்" என்றேன், நானே அதைத் தொலைத்துவிட்ட மாதிரி.

அவர் முகம் மலர்ந்துபோனது. "கரெக்ட்டா கண்டுபிடிச்சிட்டியே! போ, போய் சீட்ல உட்காரு" என்றார். வேலைக்கு நான் தேர்வானது என் பட்டத்தினால் அல்ல, விரலால்தான் என்று எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தேகம் உண்டு.

அவருடைய இதயம் அவ்வப்போது ஒரு துடிப்பை விட்டுவிடும். மற்றவர்களாயிருந்தால் பயந்திருப்பார்கள், இல்லையென்றால் மறந்திருப்பார்கள். இவர் அதன் மேல் நாள் முழுக்க விசாரணை நடத்திக்கொண்டிருந்தார். போன் தோளுக்கும் காதுக்கும் நடுவே இருக்கும். வலது கை விரல்கள் இடது மணிக்கட்டில் இருக்கும். பேனா பிடிக்கக் கை மிச்சமில்லாததால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதவேண்டும். மாதாந்திர மீட்டிங்கில் மேனேஜர் உச்சஸ்தாயியில் பேசிக்கொண்டிருந்தபோது ஒருமுறை கையைத் தூக்கினார்.

"சார், ஒண்ணு விட்டுப் போச்சு."

மேனேஜர் பதறிப்போய்க் காகிதங்களைப் புரட்டினார். "எது? பம்மல் ஆர்டரா?"

"இல்ல சார். எனக்கு, நெஞ்சில."

"அதுக்கு நான் என்னய்யா பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம் சார். தெரிஞ்சு வச்சுக்குங்க."

வேலையில் மட்டும் ஆள் புலி. போனில் யார் கத்தினாலும் கடைசியில் ஒரே உத்தரவுதான் போடுவார். "மெக்கானிக் வர்ற வரைக்கும் அதுல கையை வைக்காதீங்க. கழட்டாதீங்க, கழுவாதீங்க, தினமும் எப்படி ஓட்டுவீங்களோ அப்படியே ஓட்டுங்க. அப்பத்தான் கோளாறு எங்களுக்குத் தெரியும்." இதை ஒரு நாளைக்குப் பத்து முறையாவது கேட்டிருப்பேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பித்திருப்பேன்.

அவர் வீடு சேலையூரில். அங்கிருந்து சானடோரியத்துக்கு ஸ்கூட்டரில் நேரே வந்தால் காப்பி ஆறுவதற்குள் வந்துவிடலாம். இவரோ மேடவாக்கம் போய், கோவிலம்பாக்கம் போய், பல்லாவரம் வழியாக ஊரையே ஒரு பிரதட்சணம் செய்துவிட்டுத்தான் வருவார். காரணம் ஸ்டெல்லா டீச்சர். அவர் மனைவி. கோவிலம்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தார். கல்யாணமான புதிதில் வாங்கிய நீல ஸ்கூட்டரின் பின் சீட்டில் டீச்சரை உட்கார வைத்து, பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்ட பிறகுதான் அந்த மனிதருக்கு நாளே தொடங்கும். வீட்டிலும் அவர் மனைவியை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். ஏதாவது வாங்கப் போய்த் தப்பாக வாங்கிவந்துவிட்டால் பெஞ்சு மேல் ஏறி நிற்பாரோ என்னவோ, அது எனக்குத் தெரியாது.

ஒரு நாள் காலையில் அந்தப் பிரதட்சணம் பாதியில் நின்றது. கேம்ப் ரோடு தாண்டிச் சிறிது தூரத்தில் ஒரு துடிப்பு விட்டுப்போயிருக்கிறது. வழக்கமாக அதற்குச் சந்தோஷப்படுகிறவர்தான். அன்றைக்கு உடம்பெல்லாம் குப்பென்று வேர்த்து, நெஞ்சு படபடவென்று அடித்து, கண் முன்னால் சாலை இருண்டுகொண்டு வந்திருக்கிறது. எப்படியோ ஒரு கரும்புச்சாறு வண்டி ஓரமாக ஸ்கூட்டரை நிறுத்தி, டீச்சரை இறங்கச் சொல்லிவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். யாருக்கும் அடி இல்லை. கரும்புச்சாறுக்காரர் தண்ணீர் தெளித்தார். டீச்சர் ஸ்கூட்டரிலிருந்து சாவியை உருவித் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"டாக்டர் தன் வாயால ஓட்டலாம்னு சொல்லட்டும். அன்னிக்கு இந்தப் பையைத் திறக்கறேன்" என்றார். கணக்கு டீச்சர். விடை வராமல் அடுத்த படிக்குப் போக மாட்டார்.

அன்றிலிருந்து லப்டப் சாருக்கு வாழ்க்கையில் ஒரே லட்சியம்தான். அந்தச் சாவி. மற்றவர்களுக்கு அது சின்ன விஷயமாகத் தெரியலாம். எங்கள் எல்லோருக்கும் தெரிந்த லப்டப் சார் ஷேர் ஆட்டோ நிறுத்தத்தில் நிற்பதைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள். நாலு பேர் உட்காரும் இடத்தில் ஏழாவது ஆளாக டீச்சர் ஒடுங்கிக்கொண்டு போவார். டிபன் டப்பா யார் மடியிலாவது இருக்கும். இவர் ஆட்டோ கண்ணுக்கு மறையும் வரை நின்றுவிட்டு வருவார். முதல் சில நாள் அவரும் அதே ஆட்டோவில் ஏறிக் கோவிலம்பாக்கம் வரை போய்த் திரும்பியிருக்கிறார். "நீங்க பாதி வழியில மயங்கி விழுந்தா உங்களை யாருங்க இறக்கறது? நான் ஸ்கூலுக்குப் போவேனா, உங்களைத் தூக்குவேனா?" என்று டீச்சர் கேட்டதும் அதுவும் நின்றது.

"பின் சீட் காலியா இருக்கு தம்பி. வீட்டுல ஒரு ஆள் கொறைஞ்ச மாதிரி இருக்கு" என்று என்னிடம் ஒரு நாள் சொன்னார். சிரிக்கத்தான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சேலையூரிலேயே ஓர் ஆஸ்பத்திரி. அங்கே இதய டாக்டர் ஒரு பெண்மணி. கண்டிப்பானவர். நெஞ்சில் பசை தடவி ஸ்கேன் எடுத்தார்கள், இதயம் நன்றாக இருந்தது. ஈசிஜி எடுத்தார்கள், நாகரிகமான ஒரு கோடு வந்தது. அரை நிமிடத்துக்கு ஒரு துடிப்பை விடுகிற அந்த இதயம், படுக்கையில் படுத்து ஒயரை மாட்டினால் மட்டும் கான்வென்ட் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றது. "பார்க்காம எப்படிங்க சொல்றது? அந்தத் துடிப்பு எந்த வகைன்னு எனக்குத் தெரியணும். அதுவரைக்கும் வண்டி வேண்டாம்" என்றார் டாக்டர்.

லப்டப் சார் தளர்கிற ஆள் இல்லை. டாக்டரிடம் ஒரு நல்ல பேர் வாங்கிவிட்டால் சாவி வந்துவிடும் என்று முடிவு கட்டினார். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, நாம் எல்லோரும் கண்டுபிடித்த அதே வழிதான். கோபித்துக்கொள்ளாதீர்கள். சுகர் டெஸ்ட்டுக்கு மூன்று நாள் முன்பே இனிப்பை நிறுத்திவிட்டு, ரத்தம் கொடுத்த கையோடு எதிர்க்கடையில் ஜிலேபி வாங்குகிற ஜனங்கள்தானே நாம்? டெஸ்ட் என்றால் நமக்கு அது பரீட்சை. படித்துவிட்டுத்தான் போவோம்.

அவருக்குப் பல வருடமாக ரத்த அழுத்தம் உண்டு. காலையில் ஒரு மாத்திரை. டாக்டரிடம் போகிற நாள் நெருங்கினால் அது இரண்டாகும். "ஒண்ணு போட்டா இவ்ளோ குறையுதுன்னா, ரெண்டு போட்டா எவ்ளோ குறையும்!" என்று கணக்குச் சொன்னார். வீட்டில் ஒரு கணக்கு டீச்சர் இருந்தும் இந்தக் கணக்கை மட்டும் அவரிடம் காட்டவில்லை. உப்பை நிறுத்தினார். காப்பியை நிறுத்தினார். கோவளத்துப் பக்கம் கடலோரத்தில் பிறந்த டீச்சர் வைக்கிற கருவாட்டுக் குழம்பு அப்படியே எங்கள் மேஜைக்கு வந்தது. நாங்கள் அதை மிகுந்த வருத்தத்துடன் சாப்பிட்டோம். ஈஸ்டருக்கு முந்தைய தவக் காலத்தில்கூட அவர் இப்படி வாயைக் கட்டியதில்லை என்று டீச்சர் சொன்னார்.

மதிப்பெண்ணும் வந்தது. ஒரு நாள் எல்லோர் மேஜையிலும் பிஸ்கட் வைத்துக்கொண்டே வந்தார்.

"என்ன சார் விசேஷம்? பொண்ணு பாஸா?"

"எனக்குப் பொண்ணு ஏதுய்யா? பிரஷர் நூத்திப் பத்து! டிஸ்டிங்ஷன்!"

ஆனால் விஷயம் வேறு மாதிரி போய்க்கொண்டிருந்தது. மதிப்பெண் நன்றாக வர வர, மனிதர் மோசமாகிக்கொண்டே போனார். முன்பு ஒரு துடிப்பு விட்டால் விரலை மட்டும் தூக்கிக் காட்டுவார். இப்போது நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். எழுந்து நின்றால் கண் இருட்டியது. ஒரு துடிப்பு விட்டதும் நெற்றியெல்லாம் முத்து முத்தாக வேர்த்தது, கை நடுங்கியது. அவர் என்ன செய்தார் தெரியுமா? பத்தியத்தை இன்னும் கடுமையாக்கினார். படிப்பு போதவில்லை என்று நினைத்துவிட்டார்.

டாக்டர் அடுத்த ஆயுதத்தை எடுத்தார். இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து நெஞ்சுக்கு நாலைந்து ஒயர். ஒரு நாள் முழுக்க மாட்டிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு துடிப்பும் பதிவாகிவிடும். "வழக்கமா என்ன செய்வீங்களோ அதையே செய்யுங்க" என்று சொல்லி அனுப்பினார். லப்டப் சார் தலையை ஆட்டிவிட்டு வந்தார். வந்து லீவு போட்டார். வெள்ளைச் சட்டை போட்டார். ஹாலில் நாற்காலியைப் போட்டு, கை இரண்டையும் முழங்கால் மேல் வைத்து, ஸ்டுடியோவில் போட்டோ எடுத்துக்கொள்கிறவர் மாதிரி உட்கார்ந்தார்.

மாலையில் நான் பார்க்கப் போனபோதும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார். ஸ்டெல்லா டீச்சர் என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டுக் கிசுகிசுத்தார்.

"தம்பி, காலையிலிருந்து ஒரு சண்டை போடல. டிவி சத்தம்னு கத்தல. கஞ்சி குடுத்தா தேங்க்ஸ்ங்கறாரு. எனக்கு ரொம்ப பயமா இருக்கு."

ஹாலிலிருந்து குரல் வந்தது. "டீச்சர், மெல்லப் பேசுங்க. மெஷின் ஓடிட்டு இருக்கு."

மெஷின் என்ன செய்யும், பாவம். பூசை செய்து உட்கார வைத்த இதயத்தைத்தான் பதிவு செய்தது. எங்கோ ஒன்றிரண்டு துடிப்பு விட்டிருந்தது, அவ்வளவுதான். "நீங்க சொல்ற மயக்கத்துக்கும் இதுக்கும் பொருந்தலையே" என்று டாக்டர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வண்டி ஓட்டலாமா என்று கேட்டதற்குத் தலையை மட்டும் அசைத்தார், பக்கவாட்டில். டீச்சரின் கைப்பை மூடியபடியே வெளியே வந்தது.

அதற்குப் பின் சில நாள் அவர் யாருடனும் பேசவில்லை. நாடியைக்கூடப் பிடிக்கவில்லை. விரல் சும்மா மேஜை மேல் கிடந்தது. எங்களுக்கு அதுதான் தாங்கமுடியவில்லை. மேனேஜரே ஒரு தடவை, "என்னய்யா, இன்னிக்கு ஒண்ணும் விடலையா?" என்று வலியப்போய்க் கேட்டார்.

அப்போதுதான் பொழிச்சலூரிலிருந்து ஓர் அம்மாள் போன் செய்தார். மோட்டார் நின்று நின்று ஓடுகிறது, ஆனால் மெக்கானிக் வந்தால் மட்டும் ஜம்மென்று ஓடுகிறது என்று புகார். போன் சத்தம் எனக்கே கேட்டது.

"நாங்க அதை நல்லா வச்சுக்கறோம் சார். உங்க ஆள் வர்றாருன்னு சொன்னா போதும், மொத நாளே தொடைச்சு, எண்ணெய் விட்டு, ஒரு நாள் முழுக்க ஓட்டாம ரெஸ்ட் குடுத்துத்தான் வைப்போம்."

லப்டப் சார் எழுந்து நின்று கத்தினார். பல நாளைக்குப் பிறகு வந்த கத்தல். "யாரும்மா உங்களை ரெஸ்ட் குடுக்கச் சொன்னது? நீங்களே தொடைச்சு, நீங்களே எண்ணெய் விட்டு, நல்ல பிள்ளையா உட்கார வச்சு காட்டினா எங்க ஆளு என்னத்தைக் கண்டுபிடிப்பான்? தினமும் எப்படி ஓட்டுவீங்களோ அப்படியே..."

அதோடு நின்றுவிட்டது. போனில் அம்மாள் "ஹலோ, ஹலோ" என்றார். இவர் மேஜையின் மேல் இருந்த மாத்திரை அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகப் போனை என் கையில் கொடுத்தார்.

"தம்பி, அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேளு. நான் ஒரு மடையன். கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"இப்பவா சார்?"

"இப்பவே. எண்ணெயைத் தொடைக்கணும்."

டாக்டரின் முன்னால் அவர் எல்லாவற்றையும் சொன்னார். இரட்டை மாத்திரை, உப்பில்லாத சாதம், வெள்ளைச் சட்டை, ஒன்றையும் விடவில்லை. டீச்சரும் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்து சேர்ந்திருந்தார். கேட்கக் கேட்க அவர் முகம், பூஜ்யம் போடுவதற்கு முன்னால் ஆசிரியர்களுக்கு வருமே, அந்த முகமாக மாறியது. டாக்டர் லப்டப் சாரை நிற்க வைத்துப் பிரஷர் பார்த்தார். பார்த்துவிட்டு முதல் வேலையாக உட்காரச் சொன்னார்.

"முதல் தடவை ஸ்கூட்டர்ல மயக்கம் வந்துச்சே, அப்ப என்ன பரீட்சை?"

அவர் தரையைப் பார்த்தார். "ஆபீஸ்ல வருஷாவருஷம் மெடிக்கல் செக்கப் வைப்பாங்க மேடம். அந்த வாரம்."

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "கவனமா கேளுங்க. உங்க இதயத்துல அப்பப்ப ஒரு துடிப்பு அவசரப்பட்டு முன்னாடியே வந்துடுது. உள்ளே ரத்தம் முழுசா ரொம்பறதுக்கு முன்னாடி அடிக்கிற அடி. அதனால அது மணிக்கட்டு வரைக்கும் வராது. நீங்க காணோம் காணோம்னு தேடறது அதைத்தான். அதுக்கப்புறம் ஒரு சின்ன இடைவெளி. அந்த நேரத்துல பிரஷர் டக்குனு இறங்கும். கழுத்து ரத்தக் குழாய்ல ஒரு காவல்காரன் இருக்கான்னு வச்சுக்குங்க. பிரஷர் இறங்கினா மூளைக்குச் சொல்றதுதான் அவன் வேலை. அவன் சொன்னதும் நரம்புங்க கிளம்பி ரத்தக் குழாயை இறுக்கும், இதயத்தை விரட்டும்."

"அது எப்பவும் நடக்குமா மேடம்?"

"எப்பவும் நடக்கும். ஆனா உங்க பிரஷர் வழக்கமான இடத்துல இருந்தா, அந்த ஒரு இறக்கத்துக்கு அவன் சும்மா ஒரு குரல் குடுத்துட்டு விட்டுடுவான். நீங்கதான் மாத்திரையை ரெட்டிப்பாக்கி, உப்பை நிறுத்தி, பட்டினி கிடந்து, பிரஷரைத் தரையில கொண்டு வந்து வச்சுட்டீங்களே. அதுக்கும் கீழே இறங்கினா அவன் என்ன பண்ணுவான்? ஊரையே எழுப்பிடுவான். அந்தக் கூச்சல்தான் உங்க வேர்வையும் படபடப்பும். பிரஷர் அப்படியும் ஏறலைன்னா கண்ணு இருட்டத்தான் செய்யும்."

லப்டப் சார் அதைத் தன் பாஷைக்கு மாற்றிப் பார்த்தார். "டேங்க்ல தண்ணி இருந்தா ஒரு செகண்ட் கரன்ட் போனாலும் குழாய்ல தெரியாது. அடிமட்டத்துல கிடந்தா வெறும் காத்துதான் வரும். அதானே மேடம்?"

"அதேதான். டேங்க்கைக் காலி பண்ணது யாரு?"

"நான்தான் மேடம்."

"இனிமே ஒரே மாத்திரை. நானா மாத்தற வரைக்கும் நீங்க மாத்தக்கூடாது. வீட்டுல எல்லாரும் சாப்பிடற சாப்பாடு. கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி அந்தப் பெட்டியை மாட்டறேன். அன்னிக்கு நீங்க நல்ல பிள்ளையா இருந்தீங்கன்னு தெரிஞ்சா நான் பொல்லாதவளாயிடுவேன்."

இரண்டாவது முறை பெட்டி மாட்டிய நாளை நான் மறக்கவே மாட்டேன். தாம்பரம் கிழக்கில் ஒரு லாட்ஜில் நான் தங்கியிருந்ததால் அவரோடு ஆஸ்பத்திரியிலிருந்தே துணைக்கு வந்தேன். சாதாரணமாக இருப்பது என்று அந்த மனிதர் உறுதி எடுத்துக்கொண்டால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன். சில்லறைக்காக ஷேர் ஆட்டோக்காரருடன் சண்டை. பேப்பர் கடையில் தலைப்புச் செய்தியோடு சண்டை. தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் நடுவில் நிற்காமல் ஏறினார். உச்சியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "விட்டுச்சு! பதிவாயிருக்கும்!" என்று கூவினார். எதிரே வந்த கூட்டம் விலகி வழிவிட்டது.

அந்தக் கூவலில்தான் ஒரு ரயில்வே போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார். இடுப்பில் பெட்டி. சட்டைப் பொத்தான் நடுவே இரண்டு ஒயர் எட்டிப் பார்க்கிறது. கேட்க வேண்டுமா?

"நில்லு சார், நில்லு. இன்னாத்த உள்ள கட்டிகினு போய்கினு கீற?"

"இதயம்" என்றார் லப்டப் சார்.

"அது அல்லாருக்கும் கீது. ஒயரு எதுக்கு கீது?"

நான் குறுக்கே புகுந்து, ஆஸ்பத்திரி சீட்டைக் காட்டி, முறையாக விளக்கினேன். போலீஸ்காரர் சீட்டையும் நம்பவில்லை, என்னையும் நம்பவில்லை. லப்டப் சார் வேறு வழியில்லாமல் தன் ஆயுதத்தை எடுத்தார். மணிக்கட்டை நீட்டினார்.

"எண்ணுங்க."

"இன்னாது?"

"வாய்விட்டு எண்ணுங்க சார்."

மேம்பாலத்தின் உச்சியில், கீழே பீச் ஸ்டேஷனுக்குப் போகும் ரயில் கிளம்பிக்கொண்டிருக்க, சட்டத்தின் காவலர் எண்ணத் தொடங்கினார். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆறு வந்தது. ஏழு வரவில்லை. போலீஸ்காரரின் கண்கள் விரிந்தன.

"யோவ், ஒண்ணு காணோம்யா!"

"பார்த்தீங்களா!" என்று லப்டப் சார் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். ஒரு தேர்தலில் ஜெயித்தவர் முகம் அது. அதைவிட முக்கியம், அவர் நெற்றியில் ஒரு துளி வேர்வை இல்லை. கை நடுங்கவில்லை. கம்பியைப் பிடிக்காமல் இரண்டு காலில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு அதைப் பார்த்துத்தான் மூச்சே வந்தது.

போலீஸ்காரர் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கூட்டத்தைக் கலைத்தார். பிறகு எங்கள் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, "சார், எனுக்கும் ஒரு தபா பார்த்து சொல்றியா? வூட்ல ஒரே பேஜார், டாக்டர்கிட்ட போ போன்றாங்க" என்று கையை நீட்டினார். லப்டப் சார் பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. "ஆனாலும் போய்க் காட்டிடுங்க. போகும்போது பத்தியம் இருக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அந்த ஒரு நாளில் மெஷினுக்குக் கை வலித்திருக்கும். அத்தனை துடிப்பும் கையும் களவுமாகப் பிடிபட்டது. டாக்டர் வரிவரியாகப் பார்த்தார். முன்பு எடுத்த ஸ்கேனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். லப்டப் சார் டாக்டரைப் பார்த்தார். ஸ்டெல்லா டீச்சரும் டாக்டரைத்தான் பார்த்தார், கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

"இது சாதுவான வகைதான். உங்க இதயம் நல்லா இருக்கு. இது வரும், போகும். நீங்க இதை மறந்துட்டு உங்க வேலையைப் பாருங்க" என்றார் டாக்டர். "இன்னும் ரெண்டு வாரம் மயக்கம், கண் இருட்டறது எதுவும் இல்லைன்னா வண்டி ஓட்டலாம்."

அந்த இரண்டு வாரமும் டீச்சர் அவரைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தாராம். பாத்ரூமில் கொஞ்சம் தாமதமானால் கதவைத் தட்டினாராம். கெடு முடிந்த அன்று காலையில் சாப்பாட்டு மேஜையில், தட்டுக்குப் பக்கத்தில், கருவாட்டுக் குழம்புக் கிண்ணத்தை ஒட்டி, சாவி இருந்திருக்கிறது. இதைச் சொல்லும்போது லப்டப் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர்களை நான் அடுத்த வாரமே நேரில் பார்த்தேன். பெரும்பாக்கத்தில் ஒரு வாடிக்கையாளரைப் பார்க்கப் போன காலை நேரம். என் பஸ் மேடவாக்கம் சந்திப்பில் சிக்னலுக்கு நின்றது. ஜன்னலுக்குக் கீழே அந்த நீல ஸ்கூட்டர். பின் சீட்டில் டீச்சர் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார். டிபன் டப்பா மடியில் இருந்தது. வலது கை மட்டும் லப்டப் சாரின் தோளில் இல்லை. அக்குள் வழியாக முன்னால் போய், அவர் நெஞ்சின் இடப்பக்கத்தில் உள்ளங்கையை விரித்துப் பதிந்திருந்தது. பக்கத்து பைக்கில் இருந்த காலேஜ் பையன்கள் விசில் அடித்தார்கள். இரண்டு பேரும் சட்டை செய்யவில்லை.

"இப்ப ஒண்ணு விட்டுச்சு" என்றார் டீச்சர்.

"அப்படியா? எனக்குத் தெரியலையே டீச்சர்" என்று இவர் மணிக்கட்டைப் பிடிக்கப் போனார்.

"கையை எடுக்காதீங்க. நீங்க ரோட்டைப் பாருங்க. இதை நான் பார்த்துக்கறேன்."

சிக்னல் பச்சையானது. ஸ்கூட்டர் புகையை விட்டுக்கொண்டு கோவிலம்பாக்கம் பக்கம் போயிற்று. எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற என் நெஞ்சில், சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு துடிப்பு விட்டுப்போனது.

மறுநாள் ஆபீசுக்குப் போனதும் நேரே அவர் மேஜைக்குப் போய்க் கையை நீட்டினேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. போனில் யாரோ தலையில் சோப்போடு கத்திக்கொண்டிருந்தார். "கொஞ்சம் லைன்ல இருங்க, இங்க நம்ம பையன் ஒருத்தனைப் பார்க்கணும்" என்று ரிசீவரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்து, வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார்.